பழைய கேம் சீடிகளும் ரசிகர்கள் செய்யும் போர்ட்களும்: கொக்குவில் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "அண்ணா, பெரியண்ணா வெளிநாடு போகமுதல் சேர்த்த கேம் சீடிகள் ஒரு பெட்டி நிறைய அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. வைஸ் சிட்டி, ஐஜிஐ, கிறிக்கெட் 07, நீட் ஃபோர் ஸ்பீட் மோஸ்ட் வான்டட், டூம் எல்லாம் இருக்கு. புது லப்டொப்பில் ஒன்றும் ஓடவில்லை. ரசிகர்கள் செய்த போர்ட் என்று ஒன்று இருக்கிறதாம், அது களவா? காசு கொடுத்து வாங்குவதென்றால் எங்கே வாங்குவது? இந்தச் சீடிகளை எறியலாமா?"

எறிய வேண்டாம், தம்பி. அதற்காக அந்தப் பெட்டியை நம்பிக்கொண்டும் இருக்க வேண்டாம்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் சுகம். ஒரு கேம் என்பது இரண்டு துண்டு. ஒன்று, அதை ஓட்டுகிற நிரல், எஞ்சின் என்பார்கள். மற்றது தரவு: படங்கள், வரைபடங்கள், குரல்கள், பாட்டுகள். வின்டோஸ் மாற மாற வேலை செய்யாமல் போவது எஞ்சின். ஆனால் அதைப் புதிதாக எழுத உலகத்தில் எங்கேயோ ஓர் ஆள் நித்திரை முழித்துக்கொண்டு இருப்பார். அப்படிப் புதுப் பொறிக்கு ஏற்ற மாதிரி எழுதியதைத்தான் போர்ட் என்கிறார்கள். தரவு அப்படியில்லை. அது தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே என் கட்சி இது: தரவை ஒழுங்கான வழியில் கைக்குள் எடுத்து வையுங்கள், எஞ்சினைப் பற்றி அலட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊரில் கொம்பியூட்டர் கேமுக்கு எங்கே போவது? அது வீடுகளுக்குள் பரவலாக வந்தது 2002 யுத்தநிறுத்தத்தின் பிறகு, ஏ9 பாதை திறந்த கையோடு. கொழும்பிலிருந்து ஒரு கொப்பி வரும், அதை வைத்துச் சீடிக்கடைகள் அடித்துத் தள்ளும். 2006 ஆகஸ்டில் பாதை திரும்பப் பூட்டியபோது, கையிலிருந்த கொப்பியே மறுபடி மறுபடி கொப்பியானது. ஒரிஜினல் பெட்டியைக் கண்ணால் கண்டவர்களே இங்கே குறைவு. அதனால் பெரியண்ணாவைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சேர்த்தது என்ன என்பதை மட்டும் நேராகப் பார்ப்போம்.

சீடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுத்த வெள்ளியாக இருந்தால் தொழிற்சாலையில் அச்சடித்தது. இலேசான பச்சையோ நீலமோ தெரிந்தால் வீட்டிலோ கடையிலோ எரித்தது, அதாவது கணினியில் பதிந்தது. எரித்த சீடியில் தரவு ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. வெயில், வெக்கை, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு எதிரி, மூன்றும் எங்கள் ஊரில் தாராளம். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: சீடியில் தரவுப் படலம் இருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, பெயர் எழுதுகிற மேல்பக்கத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்குள். அடியில் விழுகிற கீறலைச் சமாளிக்கலாம். மேலே போல்பொயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதியிருந்தால் அந்த இடத்தில் தரவே போயிருக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். படலமும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்து, அந்தக் கொப்பிகளில் முழுக் கேமும் இருக்கிறதா என்பது. வைஸ் சிட்டி பிசிக்கு 2003 இல் வந்தபோது இரண்டு சீடி. ஆனால் எங்கள் பக்கம் ஓடியதில் கனக்க ஒரே சீடிக்குள் அமுக்கிய வெட்டுக் கொப்பிகள். அமுக்குவதற்கு முதலில் பலியானது வானொலி. உங்கள் கொப்பியைத் திறந்து ஓடியோ என்ற அடைவுக்குள் பாருங்கள். பிளாஷ், இமோஷன், வேவ், ஃபீவர் என்று வானொலி நிலையங்களின் பெயரில் ஏடிஎஃப் வகைக் கோப்புகள் பெரிது பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரியண்ணா அந்த நகரத்தை ஊமையாகச் சுற்றியிருக்கிறார். அந்தக் கேமின் உயிரே காருக்குள் கேட்கிற வானொலிதான் என்று சொல்கிறவர்களை அவர் அப்போது ஆச்சரியமாகப் பார்த்திருப்பார்.

சரி, சீடிகளை எப்படிக் காப்பாற்றுவது? மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தரவு ஓடுகிற திசையிலேயே விழும், அதை டிரைவால் சரிசெய்ய முடியாது. பிறகு கோப்புகளை இழுத்துக் கொப்பி பண்ணாமல் முழுச் சீடியையும் ஒரே பிம்பமாக, அதாவது சீடியின் அச்சுப்பிசகாத கோப்பாக எடுங்கள். வின்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற நிரல் போதும். சீடி அடம்பிடித்தால் லினக்ஸில் டிடிரெஸ்கியூ இருக்கிறது. அது வாசிக்க முடிந்த இடத்தையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்துத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அதே சீடியை வேறு டிரைவில் போட்டு விட்ட இடங்களை மட்டும் நிரப்பலாம். ஒரு டிரைவ் கைவிட்ட சீடியை இன்னொன்று சிரித்துக்கொண்டு வாசிக்கும், அதனால் ஒரே டிரைவோடு மனம் தளர வேண்டாம்.

இதில் ஒரு பொறி உண்டு. தொண்ணூறுகளின் கேம்கள் சிலவற்றில் பாட்டு, கோப்பாக இருக்காது. சாதாரண பாட்டுச் சீடியில் போல ஓடியோத் தடமாக இருக்கும். 1996 இல் வந்த குவேக் அப்படித்தான். அதை ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்புப் பிம்பமாக எடுத்தால் தரவுத் தடம் மட்டும் வரும், பாட்டு முழுவதும் சீடியிலேயே நின்றுவிடும். கேம் வடிவாக ஓடும். சத்தம் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஆண்டுக்கணக்காக யோசிப்பீர்கள். இப்படியானவற்றை "bin", "cue" என்ற இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். எடுத்து முடிந்ததும் ஒவ்வொரு பிம்பத்துக்கும் செக்சம் ஒன்று, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண், கணக்கிட்டு வையுங்கள். ரீடம்ப் என்ற தன்னார்வத் திட்டம் ஒரிஜினல் சீடிகளின் செக்சங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. உங்களுடையது அதோடு ஒத்துப்போனால் ஒரு பிட் பிசகாத கொப்பி உங்கள் கையில். எரித்த சீடி ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைக்காரர் பூட்டை உடைக்கிற கிராக் போட்டிருப்பார், தன் கடைப் பெயரோடு ஒரு மெனுவும் வைத்திருப்பார்.

அந்த மெனுவை அழிக்காதீர்கள். வைஸ் சிட்டியை உலகத்தில் ஆயிரம் பேர் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் 2004 இல் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் செய்த மெனு, போட்டோக்கொப்பி அடித்த அட்டை, மார்க்கரால் எழுதிய பெயர், கதாநாயகன் முகத்தை ஒட்டி மாற்றிய கேம் இவையெல்லாம் உங்கள் பெட்டியில் இல்லாவிட்டால் வேறெங்கும் இல்லை. அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள். பெட்டிக்குள் கொம்பியூட்டர் வகுப்புத் துண்டுப்பிரசுரம், கடை விலைப்பட்டியல் ஏதும் அகப்பட்டால் அதையும்தான். 2005 இலிருந்து ஈழத்து அச்சுகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் அப்படியானவற்றைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். 1981 இல் ஒரே இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களைப் பறிகொடுத்த ஊருக்கு, ஒரு பொருள் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பிம்பங்களை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில்.

ரீவி கேம் கார்ட்ரிட்ஜ் ஏதும் பெட்டியில் இருந்தால், வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செப்புக் கால்களை அரிக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும்.

ஏன் ஓடவில்லை என்பதற்கு மூன்று காரணம் வழக்கமாக வரும். பழைய கேம்களில் சிலது 32 பிட். ஆனால் அதை நிறுவுகிற செட்அப் மட்டும் 16 பிட். 64 பிட் வின்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டவே ஓட்டாது, ஆகவே கேம் நல்ல நிலையில் இருந்தும் வாசலிலேயே நிற்கும். இரண்டாவது, ஒரிஜினல் சீடிதானா என்று சோதிக்கும் சேஃப்டிஸ்க் போன்ற சீடிப் பூட்டுகள். பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசொஃப்ட் 2015 இல் அதன் டிரைவரை, அதாவது வின்டோஸுக்குள் அதை இயக்கும் துணை நிரலை, நிறுத்தியது, வின்டோஸ் 10 இல் அது கிடையவே கிடையாது. இதில் பகிடி என்னவென்றால், காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவனின் சீடி இன்று ஓடாது, கிராக் போட்ட கொப்பி ஓடும். மூன்றாவது, கேம் படம் காட்டப் பாவிக்கிற டைரக்ட்எக்ஸ் என்ற வின்டோஸ் பகுதியின் பழைய பதிப்பு. அதற்கு டிஜிவூடூ என்ற சிறு நிரல் பல இடங்களில் கைகொடுக்கிறது. டொஸ் காலத்துக் கேமென்றால் டொஸ்பொக்ஸ். வைஸ் சிட்டிக்குச் சைலன்ட்பாட்ச் என்ற ரசிகர் திருத்தம்.

இப்போது போர்ட். உங்கள் பெட்டியிலுள்ள டூமையே எடுப்போம். இட் சொஃப்ட்வெயர் அதை 1993 டிசம்பரில் வெளியிட்டது. 1997 டிசம்பரில் அதன் நிரலாளர் ஜோன் கார்மக் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தார். 1999 இல் அது, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. வைத்தது எஞ்சினை மட்டும். படங்களும் கட்டங்களும் இருக்கும் வாட் கோப்பு நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் டூமை எந்தப் பொறிக்கும் கொண்டுபோகலாம், கொண்டுபோனார்கள். சொக்கலெட் டூம் என்ற போர்ட் 1993 இல் எப்படி இருந்ததோ அப்படியே, அதன் பிழைகள் உட்பட. ஜிசெட்டூம் அதற்கு நேரெதிர், சுட்டியால் மேலும் கீழும் பார்க்கலாம், புது வெளிச்சம், புதுக் கட்டம் எல்லாம் உண்டு. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வாட் கோப்பை அந்த அடைவில் போடுவது. இதில் களவு எங்கேயும் இல்லை. முதல் பாகத்தின் வாட் அன்றே இலவசமாகப் பகிரத் தந்தது, அதை வைத்து இன்றிரவே ஆடிப் பார்க்கலாம்.

எல்லா நிறுவனமும் கார்மக் போல இல்லை. மூலநிரல் தராத கேம்களை ரசிகர்கள் எந்திர மொழியிலிருந்து பின்னோக்கிப் படித்து, அதே வேலையைச் செய்யும் நிரலைத் திரும்ப எழுதுகிறார்கள். டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ் 1995 இல் வந்தது. 2004 இல் ஓப்பன்டிடிடி அதை இப்படித்தான் தொடங்கியது. முதலில் பழைய கேமின் படங்கள் கட்டாயம் தேவைப்பட்டன. பிறகு தன்னார்வலர்கள் படம், சத்தம், இசை எல்லாவற்றையும் புதிதாகவே செய்தார்கள், இப்போது அது தனிக் கேம், சுத்த இலவசம். மெனுவைத் தமிழிலும் வைக்கலாம், யாரோ புண்ணியவான்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். பெட்டியில் இருக்கிறதோ இல்லையோ, இதை ஒருக்கால் ஆடிப் பாருங்கள்.

டியாப்லோவுக்கு டெவிலூஷன்எக்ஸ், மொரோவின்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ என்று வரிசை நீளும். நின்ரெண்டோ பக்கத்தில் சூப்பர் மாரியோ 64 இன் நிரலை ரசிகர்கள் முழுவதும் பின்னோக்கி எழுதியதன் பலனாக 2020 இல் அது பிசியில் நேரடியாக ஓடியது. யாரோ கட்டி முடித்த நிரலையே கேமின் தரவோடு சேர்த்து இணையத்தில் போட, நின்ரெண்டோ அந்த இணைப்புகளை நீக்க வைத்தது. செல்டாவின் ஒக்கரினா ஒஃப் டைமுக்கு 2022 இல் வந்த ஷிப் ஒஃப் ஹார்க்கினியன் இதைக் கவனமாகக் கையாள்கிறது. அது தரவைத் தராது. உங்களிடமுள்ள ரோம் கோப்பிலிருந்து, அதாவது கார்ட்ரிட்ஜில் இருப்பதன் கொப்பியிலிருந்து, தானே எடுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து உங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நேர்மையான போர்ட் உங்களிடம் கேமைக் கேட்கும். கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே செட்அப்பாகத் தருகிறதென்றால் அது களவுக் கொப்பி, போர்ட் என்ற பெயரில். வைரஸ் வருவதும் அந்த வழியில்தான். திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் தரவிறக்குங்கள். யூடியூப் காணொளிக்குக் கீழே கிடக்கும் இணைப்பை அழுத்தாதீர்கள்.

வைஸ் சிட்டிக்கும் ஒரு போர்ட் இருந்தது, அதன் கதை கொஞ்சம் வில்லங்கம். ஜிடிஏ 3 ஐயும் வைஸ் சிட்டியையும் பின்னோக்கி எழுதிய ரீ3, ரீவிசி திட்டங்கள் 2021 பெப்ரவரியில் பேர் எடுத்தன. அதே மாதம் ஜிடிஏயின் சொந்தக்காரரான டேக்-டூ நிறுவனம், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து அவற்றை நீக்க வைத்தது. எதிர் அறிவித்தலின் பேரில் ஜூனில் திரும்பி வந்தன. செப்டம்பரில் டேக்-டூ வழக்கே போட்டது. ஏன் இந்த அவசரம் என்பது நவம்பரில் விளங்கியது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் அன்ட்ரியாஸ் மூன்றையும் புதுப்பித்த டெஃபினிட்டிவ் பதிப்பு வெளிவந்தது, அதற்கு முன்னரே பழைய பதிப்புகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வந்த பதிப்போ பிழைகளின் திருவிழா. ஏச்சு வாங்கிய பிறகுதான் பழைய பிசிப் பதிப்புகளை ரொக்ஸ்டார் என்ற தங்கள் சொந்தக் கடையில் திரும்ப வைத்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் காசு கொடுத்து நல்ல பதிப்பை வாங்க நின்றவனுக்குக் கதவைப் பூட்டியது அவர்கள்தான், போர்ட் எழுதினவர்கள் இல்லை.

எங்கே வாங்குவது? என் தெரிவு முதலில் ஜிஓஜி. போலந்தின் சிடி புரொஜெக்ட் 2008 இல் பழைய கேம்களுக்கென்றே தொடங்கிய கடை. அங்கே பூட்டு இல்லை. வாங்கினால் செட்அப் கோப்பையே தரவிறக்கி உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமல் எந்தக் கணினியிலும் நிறுவலாம். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரன்ட் இல்லாமல் இருந்தபோது, ரூட்டர் செத்த வீட்டில் லப்டொப் பற்றரியோடு எது ஓடியது, எது ஓடவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். ஐஜிஐ அங்கே இருக்கிறது. முதலாவது டியாப்லோ 2019 இல் வந்தது, ரெசிடென்ட் ஈவிலின் முதல் மூன்று பாகங்களும் 2024 இல் வந்தன. ஐஜிஐயில் நடுவில் சேவ் பண்ண முடியாது என்பது மட்டும் இன்னும் மாறவில்லை. அந்தச் சித்திரவதையையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

பூட்டில்லாததன் பலன் 2024 டிசம்பரில் தெரிந்தது. பழைய வார்கிராஃப்ட் 1, 2 இரண்டும் ஜிஓஜியின் விற்பனையிலிருந்து விலகின. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களின் செட்அப் அவர்களிடமே இருக்கிறது, அவர்களுக்காகத் தொடர்ந்து பராமரிப்போம் என்றும் கடை சொன்னது. அதற்கு முந்திய மாதம்தான் 100 கேம்களோடு, பழைய கேம்களைப் பேணும் தங்கள் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஒன்று நீங்களும் செய்ய வேண்டும்: வாங்கின கையோடு தரவிறக்கி வையுங்கள். "கணக்கில் கிடக்கிறதுதானே" என்று விட்டால் பூட்டில்லாத கடையும் பூட்டுள்ள கடையும் ஒன்றுதான்.

ஸ்டீம் பெரியது, வசதியானது. தெற்காசியாவுக்கென்று தனி டொலர் விலைப் பிரிவும் வைத்திருக்கிறது, இலங்கை அதற்குள் வருகிறது, ஆகவே சில கேம்கள் அங்கே மலிவு. டூமும் டூம் 2 உம் 2024 ஓகஸ்டிலிருந்து ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. அதை வாங்கினால் உள்ளே வாட் கோப்பு இருக்கும். எடுத்து உங்களுக்குப் பிடித்த போர்ட்டில் போடுங்கள். ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது உரிமம், கேம் அல்ல. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது, ஸ்டீம் அதற்கு முன்னமே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. எழுதினதை வாசித்துவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான். பணம் கட்ட, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கியில் திறந்துவிட்ட டெபிட் காட் போதும்.

கொன்சோல் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால் வேறு நாட்டு விலாசத்தில் திறக்கிறார்கள். அப்படித் திறந்த கணக்கில் நூறு டொலருக்குக் கேம் வாங்கிக் குவிப்பது எனக்கு மனமொப்பாத விஷயம். நின்ரெண்டோ 2019 ஜனவரியில் வீ கடையையும், 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ கடைகளையும் மூடியது. யுபிசொஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 2024 மார்ச் 31 அன்று த க்ரூ கேமின் சேர்வரை நிறுத்தியபோது காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியாமல் போனது. விற்ற கேமை ஆட முடியாமல் செய்யக்கூடாது என்று கேட்டு ரொஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய ஸ்டொப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் அதிலிருந்து பிறந்ததுதான். அவர்களின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

இனி உங்கள் பட்டியலில் கஷ்டமான இரண்டு. கிறிக்கெட் 07 ஐயும் 2005 இன் மோஸ்ட் வான்டட்டையும் எந்த இணையக் கடையிலும் காசுக்கு வாங்க முடியாது. மோஸ்ட் வான்டட்டில் உள்ளது நிஜக் கார்கள். ஒவ்வொரு நிறுவனத்திடமும் பெற்ற உரிமத்துக்கு ஆயுள் உண்டு, பாட்டுகளுக்கும் அப்படியே. ஆயுள் முடிந்தால் திரும்பப் பேசிக் காசு கட்ட வேண்டும். இருபது வருடப் பழைய கேமுக்காக யார் கட்டுவார்கள்? ஃபோர்ஸா ஹொரைசன் 4 போல நேற்று வந்த கேமே 2024 டிசம்பரில் கடையை விட்டுப் போனது. வைஸ் சிட்டியின் பிந்திய பதிப்புகளில் மைக்கல் ஜாக்சன் பாட்டு இல்லாததும் இதே காரணம்தான்.

கிறிக்கெட் 07 இன்னும் விசித்திரம். கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் செய்து 2006 நவம்பரில் ஈஏ (எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்) நிறுவனம் வெளியிட்டது. உரிமம் கிடைக்காத அணிகளில் வீரர்களின் பெயரைத் திரித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஈஏ கிறிக்கெட் பக்கம் தலைவைக்கவே இல்லை. ஆனால் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கைப் பொடியங்கள் அதைச் சாக விடவில்லை. பெயரைத் திருத்தினார்கள், முகம் மாற்றினார்கள், ஐபிஎல் உடுப்பு, புது மைதானம், புது மட்டை, ஒவ்வொரு சீசனுக்கும் புது அணிப் பட்டியல். நிறுவனம் கைகழுவிய ஒரு கேம் இத்தனை வருடமாக ஆடப்படுகிறது என்றால் அது முழுக்க இந்தப் பொடியங்களின் வேலை. பேணுதல் என்றால் அமெரிக்க அருங்காட்சியகங்களைத்தான் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கிறிக்கெட் 07 பாட்ச் எழுதுகிற பெடியனும் அதே வேலையைத்தான் செய்கிறான்.

இது உங்கள் இரண்டு கேமுக்கு மட்டும் வந்த விதி அல்ல. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. நூலகங்கள் இவற்றைத் தொலைவிலிருந்து படிப்போருக்குத் திறந்துவிட அனுமதி கேட்டன. 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

எங்கள் சட்டம் என்ன சொல்கிறது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது. சட்டப்படி ஒரு கொப்பியை வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ பழுதானாலோ ஈடுசெய்ய ஒரு காப்புக் கொப்பி எடுக்கலாம். "சட்டப்படி" என்ற இடத்தில்தான் பெரியண்ணாவின் பெட்டி சறுக்குகிறது. நான் சட்டத்தரணி இல்லை; ஆனால் என் நடைமுறை இப்படி: விற்பனையில் உள்ளதை வாங்குகிறேன், விற்காததைப் பழைய ஒரிஜினல் சீடியாகத் தேடுகிறேன், கடைக் கொப்பியின் பிம்பத்தை நினைவுப் பொருளாக வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் பரப்புவதில்லை. பழைய கேம் பொறியைப் போலக் கணினியை நடிக்க வைக்கும் எமுலேட்டர் நிரலை எழுதுவதும் பாவிப்பதும் தன்னளவில் குற்றமில்லை. சொனிக்கும் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2000 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. அதில் எந்த ரோமைப் போடுகிறீர்கள் என்பது வேறு கேள்வி.

ஆக, உங்கள் பெட்டிக்கு: டூமை விற்பனை நாளில் ஸ்டீமில் வாங்கி வாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஜிஐ ஜிஓஜியில். வைஸ் சிட்டி பழைய பிசிப் பதிப்பு ரொக்ஸ்டாரின் கடையில் கிடைக்கும் நாளில் வாங்கிச் சைலன்ட்பாட்ச் போடுங்கள். ஒரிஜினல் சீடி யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது, பாட்டு முழுசாக இருக்கும். கிறிக்கெட்டுக்கும் மோஸ்ட் வான்டட்டுக்கும் வெளிநாட்டிலுள்ள பெரியண்ணாவையே பிடியுங்கள். லண்டன், ரொறன்ரோப் பக்கம் பழைய சாமான் கடைகளில் ஒரிஜினல் பிசிச் சீடி சில்லறைக் காசுக்குக் கிடக்கும். ஊருக்கு வரும்போது பெட்டியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சீரியல் எண் அட்டையின் பின்பக்கத்திலோ சின்னப் புத்தகத்திலோ இருக்கும், அது இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

புது லப்டொப்பில் சீடி டிரைவ் இருக்காது. யூஎஸ்பி டிரைவ் ஒன்றைப் புதிதாக வாங்கமுதல், பழுதாகிக் கிடக்கும் பழைய டெஸ்க்டொப்பிலிருந்து டிரைவைக் கழற்றிப் பாருங்கள். சாட்டா வகையாக இருந்தால் ஒரு யூஎஸ்பி மாற்றி வயரோடு, அதற்கான மின்வழங்கியும் சேர்த்துக்கொண்டால் வேலை செய்யும். அகலமான பட்டை வயர் போகிற ஐடிஈ வகையென்றால் அதற்கான மாற்றி வேறு, கடையில் டிரைவையே காட்டிக் கேளுங்கள். வேலையைப் பெட்டியின் அடியில் கிடக்கும் மிகப் பழைய, நிறம் மங்கின சீடியிலிருந்து தொடங்குங்கள்.